திருவிழாக் கடைத்தெருவில் கைத்தொழிலுக்கு இடம் எங்கே?

புரட்டாசி அமாவாசை கழிந்ததும் நவராத்திரி பிறக்கிறது. நமது ஜில்லாவில் அந்த நாட்கள் குலசேகரன்பட்டினம் ஸ்ரீ முத்தாரம்மன் கோவில் தசராவுக்கு உரியவை. காளியாகவும் அனுமானாகவும் அரசனாகவும் வேஷம் புனைந்த பக்தர்கள் ஊர் ஊராகக் காணிக்கை பெற்று அம்மன் சந்நிதியில் சேர்க்கிறார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் நடைபெறும் மகிஷாசுர சம்ஹாரத்தைக் காண இலட்சக்கணக்கான ஜனங்கள் திரளுகிறார்கள். அதே நாட்களில் விளாத்திகுளம் போன்ற ஊர்களின் வீடுகளில் கொலு விளங்குகிறது. கடைவீதியிலும் கூட்டம் மிகுகிறது. ஜனங்கள் கூடுமிடத்தில் வியாபாரம் கூடுவது இயல்பு. அந்த வியாபாரத்தில் நம் கிராமத்துப் பெண்களின் கைப்பொருளுக்கு எத்தனை பங்கு என்பதே நாம் இன்று எழுப்பும் கேள்வி.

விளாத்திகுளம் தாலுகாவில் கைப்பொருளுக்குக் குறைவில்லை. கரிசல் நிலம் மிளகாய் தருகிறது. வெயில் அதை வற்றலாக்குகிறது. பச்சை மிளகாயைக் கீறி உப்பு மோரில் ஊறவைத்து, பகலெல்லாம் காயவிட்டு, இரவில் மீண்டும் மோரில் இட்டுப் பல நாள் பக்குவம் செய்தால் மோர் மிளகாய் ஆகிறது. சீனியவரை வற்றல், சுண்டை வற்றல், வடகம், ஊறுகாய் எல்லாம் இப்படிப் பொறுமையால் விளையும் பண்டங்களே. கடலோரத்து வேம்பாரோ கருப்பட்டிக்குப் பெயர் பெற்றது. பனையேறி காலையும் மாலையும் உயிரைப் பணயம் வைத்து இறக்கும் பதநீரை, விடிலியில் புகை நடுவே நின்று காய்ச்சிப் பதம் பார்த்துச் சிரட்டையில் வார்ப்பவள் பெரும்பாலும் அவன் மனைவி. ஏறக்குறைய 8 முதல் 10 லிட்டர் பதநீரைச் சுண்டக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி தேறும். கோடையோடு பதநீர்க் காலம் ஓய்ந்துவிடும். ஈரம் படாமல் காத்த சரக்கும், ஓய்ந்த நேரத்தில் முடைந்த கொட்டான், நார்ப்பெட்டி, சுளகு, விசிறிகளும் ஐப்பசி மழைக்கு முன் விலையானால்தான் அக்குடும்பத்தின் கையில் காசு புரளும். ஆகவே நவராத்திரி அவர்களுக்குப் பண்டிகை மட்டுமன்று, அறுவடையுமாகும்.

உள்ளூர்த் தரகரிடம் கொடுத்தால் அவர் சொன்னதே விலை. முன்பணம் வாங்கியிருந்தால் அந்த விலையும் இல்லை. உண்டவன் முகத்தைப் பார்த்துச் செய்தவளே விற்பதற்கு வாய்க்கும் இடம் திருவிழாக் கடை. ஆனால் அங்கே நடப்பதென்ன? கடை போடும் தரையில் வசூல் செய்யும் உரிமையை ஏலம் விடுவது நமது ஊர்களின் வழக்கம். ஏலத்தொகை ஏற ஏறத் தரை வாடகையும் ஏறுகிறது. ஒருத்தி நாளொன்றுக்கு 3,000 ரூபாய்க்குச் சரக்கு விற்கிறாள் என்று கொள்வோம். சரக்கின் அடக்கமும் பஸ் கட்டணமும் சாப்பாடும் போக 600 ரூபாய் மிஞ்சுகிறது. தரைக்கு 500 ரூபாய் என்றால், இரவும் பகலும் விழித்திருந்ததற்குக் கூலி 100 ரூபாய்! வண்டி வண்டியாகப் பிளாஸ்டிக் பொம்மைகளைக் கொண்டு இறக்கும் வியாபாரிக்கோ அந்த 500 ஒரு பொருட்டல்ல. விளாத்திகுளத்திலிருந்து குலசேகரன்பட்டினத்துக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவு மூட்டை சுமந்து போய் வெறுங்கையோடு திரும்புவதைவிடத் தரகரிடமே கொடுத்துவிடலாம் என்று ஒருத்தி எண்ணினால், அவளை யார் குறை கூற முடியும்?

இந்த நாட்டில்தான் சுதேசியம் பிறந்தது என்று நாம் மேடைதோறும் பேசுகிறோம். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். மகாத்மா காந்தி 1934இல் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, அதன் காரியதரிசிப் பொறுப்பை ஏற்றவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. பனைவெல்லத் தொழிலை வளர்ப்பது அச்சங்கத்தின் முக்கிய வேலைகளில் ஒன்றாயிருந்தது. மைசூரிலோ 1880இலேயே தசராவோடு பொருட்காட்சி ஒன்று சேர்க்கப்பட்டது. வழிபாடும் கைத்தொழிலும் ஒரே மைதானத்தில் நிற்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2014ஆம் வருஷத்துத் தெரு வியாபாரிகள் சட்டம், ஜனங்கள் வழக்கமாகக் கூடி வாங்கி விற்கும் இடத்தை இயற்கைச் சந்தை என்று அங்கீகரிக்க இடமளிக்கிறது. நகர விற்பனைக் குழுவில் 100க்கு 40 பேருக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகளும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு பெண்களும் இருக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. விளாத்திகுளம் பேரூராட்சியாதலால் இச்சட்டத்தின் பயனைக் கோரலாம். ஆனால் சட்டம் நகர்ப்புறத்துக்கே உரியது. கிராமத்துத் திருவிழாத் தரைக்கு அதன் நிழல் எட்டாது. உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது குறித்து நாமும் மகிழ்கிறோம். பண்டத்தின் பெயருக்குக் காவல் கிடைத்தது. அதைச் செய்பவள் உட்கார்ந்து விற்க ஐந்தடித் தரைக்குக் காவல் இல்லை.

ஆகவே நாம் வேண்டுவன இவை. ஏலம் விடுமுன்பே கடைத்தரையில் பத்தில் ஒரு பங்கைத் தம் கையால் செய்த பொருளை விற்போருக்கென ஒதுக்கவேண்டும். அது மூலையில் அன்று, ஜனங்கள் நடக்கும் வழியில் இருக்கவேண்டும். அதற்குப் பெயரளவில் கட்டணம் வாங்கி, ரசீது கொடுக்கவேண்டும். விளக்கும் குடிநீரும் பெண்களுக்குக் கழிப்பிடமும் இராத் தங்க ஒரு கொட்டகையும் அவசியம். ஜில்லா நிர்வாகமும் அறநிலையத் துறையும் ஊராட்சிகளும் ஒருமுறை கூடிப் பேசினால் முடியாத காரியம் இதில் ஒன்றுமில்லை. இதனால் ஏலத்தொகை சிறிது குறையலாம். ஊரார் கையில் தங்கும் பணம் அதைவிட அதிகமாகும்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கரைப் பாகைக் கலந்து கருப்பட்டி என்று விற்கும் மோசடியால் நல்ல சரக்கின் மதிப்பும் கெடுகிறது. வீட்டுப் பண்டம் என்ற பெயர் சுத்தத்துக்கும் உண்மைக்கும் ஜாமீன் ஆகவேண்டும். 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறு உற்பத்தியாளருக்குப் பெரிய ஆலைகளுக்குரிய உரிமம் தேவையில்லை. பதிவு செய்துகொண்டால் போதும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இதை ஒன்றுகூடிச் செய்துகொள்வது உசிதம். பண்டத்தின் மேல் செய்த தேதியையும் ஊர்ப் பெயரையும் எழுதி ஒட்டவேண்டும்.

வாங்குவோருக்கும் கடமை உண்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பல தடைசெய்யப்பட்டுள்ளன. கொலுவுக்கு வருவோருக்குத் தாம்பூலத்தை ஓர் ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுத்தால் என்ன? பெரிய கடையில் அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுப்பவர், தரையில் அமர்ந்தவளிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுவது நியாயமாகாது. அம்மனைப் பெண்ணுருவில் வணங்கும் பத்து நாளில், உழைக்கும் பெண்ணுக்கு உரிய விலையைக் கொடுப்பதும் வழிபாட்டில் சேர்ந்ததே. வருகிற தசராவுக்கு ஏலம் கூறுமுன் அதிகாரிகள் இதைக் கவனிப்பார்களென்று எதிர்பார்க்கிறோம்.