வரி கட்டும் மனம் எப்போது வரும்?



நோட்டீசுக்குப் பயந்து வரி கட்டுவது வேறு. தானே முன்வந்து கட்டுவது வேறு. அந்த மனம் எப்போது வரும்? நாற்பது ஆண்டுகள் மொத்த வியாபாரம் செய்தவன் என்ற முறையில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, வரி தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். 1973-74ல் தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் சர்சார்ஜும் சேர்த்து 97.75 சதவீதம். நூறு ரூபாயில் கைக்கு மிஞ்சுவது இரண்டேகால் ரூபாய்தான் என்றால், பேரேட்டில் உண்மையை எழுத எவருக்குக் கை வரும்? 1997ல்தான் அது 30 சதவீதத்துக்கு இறங்கியது.

இரண்டாவது, கட்டும் முறை எளிதாக இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி.யில் ஆண்டு விற்பனை ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேற்போகாத வியாபாரி காம்பொசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் 1 சதவீதம்தான் வரி. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கட்டினால் போதும். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது, உள்ளீட்டு வரி வரவும் கிடையாது என்றாலும், சிறு கடைக்கு அலைச்சல் மிச்சம்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, நியாயம். 1997ல் கணக்கில் காட்டாத வருமானத்தைத் தாமே வெளியிடும் திட்டம் வந்தது. சுமார் 33,000 கோடி ரூபாய் வெளிவந்தது. அபராதமில்லை, வட்டியில்லை, தனிநபருக்கு 30 சதவீத வரி மட்டுமே. ஆனால் முந்தைய ஆண்டுகளில் 40 சதவீதமும் அதற்கு மேலும் ஒழுங்காகக் கட்டியவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்?

அந்த வேதனை எனக்கும் தெரியும். 1-1-2022 முதல், சரக்கு விற்றவர் தம் ரிட்டர்னில் பில்லைக் காட்டினால்தான் வாங்கியவருக்கு வரி வரவு உண்டு. அந்த ஆண்டு எனக்குச் சீரகம் அனுப்பிய ஒருவர், வரியையும் சேர்த்துப் பணம் வாங்கிக்கொண்டு, ரிட்டர்னில் காட்டவேயில்லை. அதே வரியை நான் மறுபடியும் கட்டினேன். ஒழுங்காக இருந்து என்ன கண்டோம் என்று அன்றிரவு தூக்கமில்லை.

மறுநாள் கல்லாவில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: என் பில்லை நம்பி எத்தனை கடைக்காரர்கள் இருக்கிறார்கள்! அன்று முதல் மாதம் 11ஆம் தேதிக்குள் என் விற்பனை பில்களை ஏற்றிவிடுகிறேன். பில்லை ஏற்றாதவரிடம், மூட்டைக்கு ஐம்பது ரூபாய் குறைவு என்றாலும் சரக்கு எடுப்பதில்லை.

பக்கத்துக் கடைக்காரரும் கட்டுகிறார் என்ற நம்பிக்கை வந்தால், நமக்கும் கட்ட மனம் வரும். அந்த நம்பிக்கையை அரசு மட்டும் தந்துவிட முடியாது. நாமும் ஒருவருக்கொருவர் தர வேண்டும். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை.