படுத்தால் குறையும் தலைவலி

காலையில் எழும்போது தலைவலி இல்லை. வகுப்பில் நின்று பாடம் நடத்தத் தொடங்கியதும் வலிக்கிறது. படுத்தால் சிறிது நேரத்தில் குறைகிறது. இது வெறும் களைப்பாக இல்லாமல், மூளைத் தண்டுவடத் திரவத்தின் குறைவாகவும் இருக்கலாம்.

பெரியவர்களின் உடலில் இத்திரவம் ஏறத்தாழ 150 மி.லி. உள்ளது. மூளை இதில்தான் மிதக்கிறது. தண்டுவட உறையில் கசிவு ஏற்பட்டால், நிற்கும்போது மூளை சற்றுக் கீழிறங்கி, உறைகளையும் நரம்புகளையும் இழுக்கிறது. முதுகில் மயக்க ஊசி போட்டுச் செய்யும் அறுவை சிகிச்சைக்குப் பின் இது வரலாம். சிலருக்குத் தானாகவும் வரும்.

கண்ணை வெளிப்புறம் திருப்பும் ஆறாவது மூளை நரம்பும் இவ்வாறு இழுபடலாம். அப்போது தொலைவில் உள்ளவை பக்கம் பக்கமாக இரண்டாகத் தெரியும். ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும். இது பார்வைக் குறைபாடு அன்று, நரம்பின் பாதிப்பு.

ஓய்வாலும் போதிய நீர் அருந்துவதாலும் பலருக்குக் குணமாகும். குணமாகாதவர்களுக்கு அவர்களுடைய இரத்தத்தையே முதுகில் ஊசி மூலம் செலுத்திக் கசிவை அடைப்பர்.

மருத்துவரிடம் "நின்றால் வலிக்கிறது, படுத்தால் குறைகிறது" என்று மறவாமல் சொல்லுங்கள். மாணவர் இப்படிச் சொன்னாலும் சாக்கு என்று எண்ணாமல் பெற்றோருக்குத் தெரிவியுங்கள். இரட்டைப் பார்வை, காய்ச்சல், கழுத்து விறைப்பு இருந்தால் தாமதம் கூடாது.