மணலும் துப்பாக்கியும்

பாலாற்று மணலைச் செவிலிமேட்டு மக்களுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. வந்தவாசிச் சாலை ஆற்றைக் கடக்கும் இடத்தில் கோடையில் நின்று பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் மணலே தென்படும். காற்று வீசும் நாட்களில் அதன் நுண்பொடி எங்கள் தெருவுக்குள்ளும் வரும். தறிக்குழியிலும் இறங்கும், சோற்றிலும் விழும். அந்தப் பொடி எனக்குக் கற்பித்த ஒரு பாடத்தைத்தான் இன்று மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

1977ஆம் ஆண்டில் நான் கல்லூரி மாணவன். தேசிய மாணவர் படையில் சேர்ந்திருந்தேன். ஆற்றோரத்தில் முகாம். பயிற்சிக்கென எங்களுக்குக் கொடுத்தவை பாயிண்ட் 303 லீ என்ஃபீல்டு துப்பாக்கிகள். ஏறத்தாழ நான்கு கிலோ எடை. பத்துத் தோட்டாக்கள் கொள்ளும் பெட்டி. இதில் ‘போல்ட்’ என்று வழங்கும் உறுப்பு உண்மையில் கதவுத் தாழ்ப்பாளின் உறவுதான். அதைக் கையால் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னுக்குத் தள்ளி, மீண்டும் தாழ்த்தினால்தான் அடுத்த தோட்டா குழலின் அறைக்குள் புகும். மறுநாள் அதிகாரி பார்வையிட வருகிறார் என்று கேள்விப்பட்டு, துப்பாக்கிக் கட்டையினுள் இருக்கும் பித்தளைக் குப்பியிலிருந்த எண்ணெய் முழுவதையும் நான் அந்தத் தாழ்ப்பாளின்மேல் ஊற்றினேன். அதன் பளபளப்பைக் கண்டு எனக்கே பெருமை தாங்கவில்லை. இரவு காற்றடித்தது. காலையில், அத்தனை பேர் முன்னிலையில், தாழ்ப்பாள் கரகரவென்று ஒலித்துப் பாதி வழியில் நின்றுவிட்டது.

வெட்கத்தோடு வீட்டுக்கு வந்து பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் பட்டு நெசவாளர்; ஆனால் இளமையில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரின்போது வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் இருந்தவர். கேட்டதும் சிரித்தார். “எண்ணெயா போட்டே? மணலைக் குழைச்சுச் சாந்து இல்லே பூசியிருக்கே!” என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை. எண்ணெய் இரண்டு இரும்புப் பரப்புகளுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று அவை ஒன்றோடொன்று உராயாமல் காக்கிறது. ஈரத்தைத் தடுத்துத் துரு ஏறாமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் பறந்துவரும் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அதன் இயல்பு. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கனிமம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மதிப்பிடும் மோஸ் அளவையில் அது 7. சாதாரண எஃகு அதற்குக் கீழேதான் நிற்கிறது. ஆகவே எண்ணெயில் சிக்கிய மணல் எஃகையே அரைக்கும். மோட்டார் பட்டறைகளில் வால்வுகளை அரைத்துப் பொருத்துவதற்குக் கார்பரண்டம் பொடியை எண்ணெயில் குழைத்த பசையைத் தடவுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். நான் செய்ததும் அதே பசைதான். பொடியைக் காற்று கொண்டுவந்து கொடுத்தது, அவ்வளவே.

இந்தியச் சிப்பாய்களுக்கு இந்தத் தொல்லை பழைய அறிமுகம். 1915 பிப்ரவரியில் சூயஸ் கால்வாயைக் காத்தவர்களில் பிகானீர் ஒட்டகப் படையினரும் உண்டு. 1940 டிசம்பரில் எகிப்தின் சிதி பர்ரானியில் இத்தாலியரை வென்ற படைகளுள் 4ஆம் இந்திய டிவிஷன் ஒன்று. அங்கே ‘கம்சின்’ என்ற வெப்பக் காற்று எழுந்தால் பகலிலேயே எதிரில் நிற்கும் ஆள் மறைந்துவிடுவானாம். அப்போது தாழ்ப்பாள் பகுதியைத் துணியால் சுற்றிக் கட்டிவிட்டு, முழங்காலுக்கிடையே துப்பாக்கியை அணைத்து உட்கார்ந்திருப்பார்களென்று பெரியப்பா சொல்வார். காற்று ஓய்ந்தபின் முதல் வேலை அதைத் துடைப்பது. முகம் துடைப்பது பிறகுதான். எதிரி நூறு கஜத்தில் இருக்கும்போது தாழ்ப்பாள் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நாடாவை எடுத்து நெய்யத் தொடங்கிவிட்டார்.

அவரிடம் நான் கற்ற முறை இது. முதலில் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்ய வேண்டும். இதில் மறதிக்கு இடமே இல்லை. பிறகு தாழ்ப்பாளைக் கழற்றிப் பழைய எண்ணெயை அடியோடு துடைத்தெடுக்க வேண்டும். சுத்தமான துணியில் ஓரிரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, உராயும் இடங்களில் மட்டும் தடவி, உலர்ந்த துணியால் மறுபடி துடைக்க வேண்டும். விரலால் தொட்டால் ஈரம் ஒட்டக்கூடாது. எண்ணெய்க்குப் பதிலாகப் பென்சிலில் உள்ள கிராஃபைட் பொடியும் பயன்படும். அதன் அணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டவை. ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், ஆனால் ஈரமில்லாததால் மணலைப் பிடிக்காது. இறுகிப்போன வீட்டுப் பூட்டின் சாவியில் பென்சிலைத் தேய்த்துப் பாருங்கள், விளங்கும்.

தோட்டாவுக்கும் அது நுழையும் அறைக்கும் எண்ணெய் அறவே ஆகாது. வெடிக்கும்போது பித்தளை உறை விரிந்து அறையின் சுவரைக் கவ்விக்கொள்கிறது. அந்தப் பிடிப்பு வெடிவிசையில் ஒரு பங்கைத் தாங்குகிறது. எண்ணெய் இருந்தால் உறை வழுக்கிப் பின்னால் வந்து, பாரம் முழுவதும் தாழ்ப்பாளின்மேல் விழும். குழலின் வாயை மூடும் துணியையும் சுடுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். அடைபட்ட குழல் வெடித்துவிடக்கூடும்.

பாலைவனத்தில் துரு ஏறாது என்று எண்ணிவிட வேண்டாம். அந்நாளைய தோட்டாக்களின் வெடிமூட்டியில் எரிந்து எஞ்சிய உப்பு குழலுக்குள் படியும். இரவின் குளிரில் இறங்கும் பனி அதைக் கரைத்து இரும்பை அரிக்கும். எண்ணெய் உப்பைக் கரைக்காது, கொதிநீர்தான் கரைக்கும். குடிக்கும் நீரே அளந்து கிடைத்த இடத்தில், தன் பங்கிலிருந்து ஒரு குவளையைக் காய்ச்சிக் குழலில் ஊற்றியதைப் பெரியப்பா பலமுறை சொல்லியிருக்கிறார். சொல்லும்போதெல்லாம் அந்தக் குவளையின் அளவைக் கையால் காட்டுவார்.

இதை எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொது விதியாகக் கொள்ளலாகாது. லீ என்ஃபீல்டின் தாழ்ப்பாளைக் கை மெதுவாக நகர்த்துகிறது; உறுப்புகளுக்கிடையே இடைவெளியும் தாராளம். தானாக இயங்கும் இக்காலத் துப்பாக்கிகளில் உறுப்புகள் வேகமாக ஓடிச் சூடேறுவதால், மணல் நாட்டிலும் அவற்றுள் சிலவற்றுக்கு எண்ணெய் சற்று மிகுதியாகவே வேண்டியிருக்கிறது. அடிக்கடி துடைத்துப் புதிதாகவும் இட வேண்டும்.

முகாமின் கடைசி நாளில் அதிகாரி மீண்டும் வந்தார். என் துப்பாக்கியில் பளபளப்பே இல்லை. தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துத் தள்ளிப் பார்த்தார்; ஒன்றும் சொல்லாமல் அடுத்த மாணவனிடம் போய்விட்டார்.