திடீர் நெஞ்சு வலியா? வாயுப் பிடிப்புனு விட்டுடாதீங்க!

ஒல்லியா, உயரமா இருக்கிற வாலிபர்கள் கவனத்துக்கு! சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பக்க நெஞ்சில் 'சுருக்'கென குத்தி மூச்சு வாங்கினால், சோடா குடிச்சிட்டு படுத்துடாதீங்க. நுரையீரல் உச்சியில் இருக்கும் சிறு கொப்புளம் வெடித்து, காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டில் தேங்கி, நுரையீரலே சுருங்கி இருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும்.

விலா எலும்புகளுக்கு நடுவே டியூப் போட்டு காற்றை வெளியேற்றுவார்கள். அதோடு முடிந்ததா? இல்லை. சுமார் 3 பேரில் ஒருவருக்கு மறுபடியும் வருகிறது. 2-வது முறை வந்தால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். சிறு துளை வழியாக கேமரா விட்டு கொப்புளத்தை வெட்டி எடுத்து, நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்ட வைக்கிறார்கள். அதன்பிறகு திரும்ப வருவது 100-ல் 5 பேர் அளவுக்கே.

டியூப்பை எடுத்த கையோடு பீடி பத்த வைக்கிறவங்களை என்ன சொல்ல! புகைதான் இதற்கு முதல் எதிரி. வெளிநாட்டு வேலைக்கு விமானம் ஏறப் போகிறவர்கள், நுரையீரல் முழுசா விரிந்ததை எக்ஸ்ரேயில் பார்த்து டாக்டர் 'சரி' சொன்ன பிறகே டிக்கெட் போடவும்.