சிவந்த பாத்தியில் பச்சைப் பாசி

சோளகம் வீசும் மாதங்களில் இலங்கையின் புத்தளம், பாலாவிப் பக்கத்து உப்பளங்களில் சில பாத்திகள் சிவந்து கிடக்கும். புதிதாகப் பார்ப்பவர் சாயக் கழிவு என்று நினைப்பார். அந்தச் சிவப்பில் ஒரு பங்கு பச்சைப் பாசியுடையது.

முதலில் தண்ணீர்க் கணக்கு. 1,000 லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புகள் ஏறத்தாழ 36 கிலோ. சோற்றுப்பு அதில் 28 கிலோ. ஏறக்குறைய 900 லிட்டர் ஆவியான பிறகுதான் சோற்றுப்பு படியத் தொடங்கும். சுண்ணமும் ஜிப்சமும் அதற்கு முன்பே பெரும்பாலும் அடியில் இறங்கியிருக்கும். மீனும் நண்டும் தாங்காத அந்த உவர்ப்பில் நீந்துகிறது அந்தப் பச்சைப் பாசி, டுனாலியெல்லா சலினா. குறுக்களவு சுமார் 10 மைக்ரோமீட்டர். 100 செல்களை வரிசையாக வைத்தால் 1 மில்லிமீட்டர்.

1838-இல் பிரான்ஸின் தென்கரை உப்பளங்களில் இதைக் கண்டவர் டுனால். 1905-இல் ருமேனியாவின் தியோடொரெஸ்கோ தனிப் பேரினமாக்கி, டுனாலின் பெயரையே சூட்டினார். சிவந்ததை ஏன் பச்சைப் பாசிகளோடு சேர்த்தார்கள்? பச்சையம் ஏ, பி இரண்டும் உண்டு, மாவுச்சத்து பசுங்கணிகத்துக்குள் சேர்கிறது, நீந்த 2 கசையிழைகள். இவை பச்சைப் பாசியின் அடையாளங்கள். சிவப்பு வெறும் மேல்பூச்சு: கடும் வெயில், மிகு உப்பு, நைட்ரஜன் பஞ்சம் மூன்றும் சேர்ந்தால் உலர் எடையில் 10 சதவீதம் வரை பீட்டா கரோட்டின் சேரும். உடன்பிறப்பான டுனாலியெல்லா விரிடிஸ் பச்சையாகவே இருந்துவிடும். நிறத்தை நம்பி வகைப்படுத்தியிருந்தால் இரண்டும் வேறு வேறு வீட்டுக்குப் போயிருக்கும்.

டுனாலியெல்லாவுக்குக் கெட்டியான செல்சுவர் கிடையாது. வெளியே லிட்டருக்கு 290 கிராம் உப்பு இருந்தால், உள்ளே லிட்டருக்கு 640 கிராம் அளவில் கிளிசரால் செய்து வைத்துக்கொள்கிறது. இல்லாவிட்டால் வெளியுப்பு செல்லின் நீரை உறிஞ்சிவிடும். செலவு பெரிதுதான், ஆனால் போட்டிக்கு ஆளில்லாத நீர் கிடைக்கிறது.

பாத்தியின் நிறம் முழுவதையும் இதன் பெயரில் எழுதுவதும் தவறு. கரோட்டின் சிறு துளிகளாகப் பசுங்கணிகத்துக்குள் அடைந்து கிடக்கிறது. அதே நீரில் வாழும் உப்புவிரும்பி ஆர்க்கியா நுண்ணுயிரிகளின் நிறமியோ செல்லெங்கும் பரவியிருப்பதால், எடையில் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியும் சிவப்பில் பெரும்பங்கு அவற்றினுடையது.

இனி மழை. ஒரு ஹெக்டேர் பாத்தியில் 10 சென்டிமீட்டர் ஆழம் நீர் நின்றால் 10 இலட்சம் லிட்டர். 10 மில்லிமீட்டர் மழை அதில் 1 இலட்சம் லிட்டர் நன்னீரைக் கொட்டும். உப்பளத்தாருக்கு அது நட்டம், மறுபடி காயவைக்க வேண்டும். பாசிக்கோ வரவு. சாக்கடலில் பெருமழை மேல்நீரை நீர்க்கச் செய்த 1992-இல் மில்லிலிட்டருக்கு 15,000 டுனாலியெல்லா செல்கள் எண்ணப்பட்டன; ஒரு தேக்கரண்டியில் 75,000. உப்பளத்தாரின் நட்டமோ நாட்டையே தொட்டது: 2025-இல் மழையால் உப்பு விளைச்சல் கெட்டபோது இலங்கை இந்தியாவிலிருந்து உப்பு இறக்குமதி செய்தது.