உள்ளங்காலில் ஊசி குத்தினால் நிலையாக நிற்கலாமா?

பாறசாலையில் வசிக்கும் என் அக்காவுக்கு வயது 71. குதிகால் வலிக்குப் பயந்து ஒரு காலில் பாரம் போடாமல் நிற்கப் பழகியவர்கள், ஒரு நாள் காலை கிணற்றடியில் சாய்ந்துவிட்டார்கள். எலும்பு முறியவில்லை. ஆனால் பயம் பிடித்துக்கொண்டது.

நெய்யாற்றின்கரை முதல் களியக்காவிளை வரை, கால் வலி என்றால் முதலில் வர்ம ஆசான்தான். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின. வைத்தியம் மட்டும் பிரியவில்லை. 108 வர்மங்களில் 'உள்ளங்கால் வெள்ளை' என்றே ஒன்று உண்டு. அங்கே விரலும் எண்ணெயும்தான், ஊசி கிடையாது. அக்காவுக்கும் தடவியதில் சுகம் கண்டது. பிறகு வலி திரும்பிவிட்டது.

பிசியோதெரபிஸ்ட் 'டிரை நீடிலிங்' என்றார். மருந்தில்லாத மெல்லிய ஊசியை, தசை இறுகி முடிச்சான இடத்தில் குத்தி எடுப்பது. வலியைக் குறைப்பது மருந்தல்ல, ஊசியே என்று 1979-இல் செக் மருத்துவர் கரேல் லெவிட் எழுதினார்.

நிற்பதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ரயில் பாதையில் வேலை பார்த்தவனுக்கு இது எளிதில் புரியும். ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி இளகினால் தண்டவாளம் தாழும், வண்டி ஆடும். பாதத்தில் 26 எலும்புகள். அவற்றைத் தாங்க உள்ளங்காலில் நான்கு அடுக்குத் தசைகள். அசையாமல் நிற்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் உடல் சதா சிறிது ஆடிக்கொண்டே இருக்கிறது. கண், உள்காது, உள்ளங்காலின் தொடு உணர்வு மூன்றும் தகவல் தர, தசைகள் கணத்துக்குக் கணம் சரிசெய்கின்றன. வலித்து இறுகிய தசை இந்த வேலையை ஒழுங்காகச் செய்யாது.

ஆஸ்திரேலியாவில் 84 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஊசியால் குதிகால் வலி ஓரளவே குறைந்தது. ஏறக்குறைய மூன்று தடவைக்கு ஒரு தடவை, குத்திய இடத்தில் வலி, ரத்தக்கட்டு போன்ற சிறு தொந்தரவும் இருந்தது. அது வலியைப் பற்றிய ஆய்வு. தடுமாற்றம் குறையுமா என்று பார்த்தவை இன்னும் சிறிய ஆய்வுகளே.

அக்காவுக்கு ஊசி நாலு தடவை, பயிற்சி தினமும். விரல்களை மடக்காமல் உள்ளங்கால் வளைவை உயர்த்துவது, தரையில் போட்ட துண்டை விரல்களால் சுருட்டுவது, சுவரோரம் ஒற்றைக் காலில் நிற்பது. வாட்சை வைத்துப் பார்த்தேன்: முதல் நாள் 3 விநாடி, ஆறாவது வாரம் 9. ஊசியின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க என்னிடம் கருவி இல்லை. பயிற்சிக்கே என் ஓட்டு.

சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஊசிக்குப் போக வேண்டாம். ஊரில் வயதான பெற்றோர் உள்ளவர்கள், அடுத்த லீவில் போகும்போது சுவரோரம் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.