மேட்டூர் அணையின் அடிச்சேற்றில் ஒரு வருடம்

மேட்டூர் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர்? காவிரி டெல்டா விவசாயி தினமும் தேடும் இந்த எண்தான், அணையின் அடியில் வாழும் புழு, நத்தை, மட்டிகளின் தலையெழுத்தும்.

அடிச்சேற்றை அள்ளி, அரை மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில் அலசினால் நூல்போல் சிவப்புப் புழுக்கள் மிஞ்சும். ஒரு வகை, கொசுபோல் இருந்தும் கடிக்காத கைரோனோமிட் பூச்சியின் இளம்புழு. வாயில் சுரக்கும் இழையால் வண்டலை ஒட்டிக் குழாய் கட்டி, அதற்குள் குடியிருக்கும். இன்னொன்று ட்யூபிஃபெக்ஸ். தலையைச் சேற்றில் புதைத்து, வாலை மேலே நீட்டி ஆட்டிக்கொண்டே சுவாசிக்கும். மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் இரண்டையும் காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள்! சிவப்புக்குக் காரணம் ஹீமோகுளோபின். ஆக்சிஜன் குறைந்த சேற்றிலும் இவை தாக்குப்பிடிப்பது அதனால்தான்.

கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை வலுத்தால், பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் காவிரி கலங்கலாக வந்து சேரும். வண்டல் படிந்து புழுக்களின் குழாய்கள் மூடிப்போகும், மட்டிகளின் செவுள் அடைபடும். இந்திய நீர்த்தேக்கங்கள் பலவற்றில் அடிவாழ் உயிர்கள் மிகக் குறைவாகக் கிடைப்பது வெள்ளக் காலத்தில்தான். அதே சமயம், காய்ந்து கிடந்த கரை புதிதாக மூழ்குகிறது. அங்கே முதலில் குடியேறுவது கைரோனோமிட். தாய்ப்பூச்சி பறந்து வந்து முட்டையிட்டுவிடும். நத்தை ஊர்ந்துதான் வந்தாக வேண்டும்.

தண்ணீர் தெளிந்து, மூழ்கிய செடிகொடிகள் மட்கத் தொடங்கியதும் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. குளிர்காலத்தில் அடிவாழ் உயிர்களின் எண்ணிக்கை ஏறும். சேற்றைக் கிளறித் தின்னும் மிருகால், சாதாக் கெண்டை மீன்களுக்கு வேட்டைதான்.

பாசனத்துக்குத் தண்ணீர் விடும் வழக்கமான காலம் ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. 120 அடி வரை நிறையக்கூடிய அணை கோடையில் வெகுவாக இறங்கிவிட, கரையோரச் சேறு வெடித்துக் காயும். தண்ணீரோடு நகரத் தெரிந்தவை தப்பும். உருண்டை நத்தை தன் மூடியை இறுக்கிக்கொண்டு மண்ணுக்குள் உறங்கும். மட்டிகள்தான் பாவம், அவ்வளவு வேகமாக நகர முடியாமல் வாய் பிளந்து கிடக்கும்.

ஆகவே, ஒரே ஒரு முறை சேறு அள்ளி, அதிலுள்ள உயிர்களை மட்டும் வைத்து அணைத்தண்ணீர் நன்றாக இருக்கிறது, கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால், எந்த மாதம் அள்ளினீர்கள், அன்று நீர்மட்டம் எத்தனை அடி என்று கேளுங்கள்.